தலை பார்த்த வீடு

காரைக்காலில் சவரிராயன் வீட்டு அடுப்பிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே வந்த பிரியோஷ் ரொட்டிகள் அத்தனையும் தலையை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த சவரிராயன் முதலில் செய்த காரியம் பெண்டாட்டியைத் திட்டியதுதான்.

"குழி ஒழுங்கா எடுத்தியா நீ? எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு கெடக்குது பாரு."

"என் விரல் எடுத்த குழியில இதுவரைக்கும் ஒரு தலை சாஞ்சிருக்கா?" என்றாள் எர்னெஸ்தின். "உங்க அடுப்புல ஒரு பக்கம் சூடு கூட. மொதல்ல அதைப் பாருங்க."

இந்த ரொட்டியைத் தலையோடு பார்த்தவர்கள் இப்போது குறைவு என்பதால் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். மாவில் தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்தில் முட்டையை ஊற்றி, போதும் போதும் என்று மாவே கெஞ்சுகிற வரைக்கும் வெண்ணெயைப் பிசைந்து, காரைக்கால் வெயிலில் அந்த வெண்ணெய் உருகி ஓடிவிடாமல் இருக்க மாவுப் பாத்திரத்தைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிட்டு, விறைத்ததும் மேலே இழுத்து, கீழே ஒரு பெரிய உருண்டை, அதன் நடுவில் மாவு தொட்ட விரலால் ஒரு குழி, குழிக்குள் கழுத்து இறங்கும்படி ஒரு சின்ன உருண்டை என்று வைத்துச் சவுக்கு விறகு அடுப்பில் சுட்டால், தொந்தி பெருத்த சாமியார் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் பொன்னிறமாக வந்து நிற்கும். அதுதான் பிரியோஷ். எர்னெஸ்தினுடைய அப்பா பெனுவா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து, சைகோன் பட்டாளச் சமையல்கட்டில் இதைக் கற்றுக்கொண்டு வந்தவர். சீமையில் ஒரு மூலையில் மாடுகள் புல்லைத் தின்றுவிட்டு நேராக வெண்ணெயாகவே கறக்கும் என்றும், அங்கேதான் இது பிறந்தது என்றும், ரொட்டி இல்லாவிட்டால் பிரியோஷ் தின்னட்டுமே என்று ஒரு ராணி சொன்னாளோ சொல்லவில்லையோ அவள் தலை மட்டும் போனது என்றும், போன தலை போக்கிடம் இல்லாமல் ரொட்டியின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது என்றும் அவர் சொல்லுவார். அவர் சொன்னதில் பாதியை ஊர் நம்பியது. எந்தப் பாதி என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு.

அவர் கொண்டுவந்ததில் ஒரு வழக்கமும் இருந்தது. ஞாயிறு பூசைக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்து ரொட்டி கொடுப்பார்கள். சாமியார் அதை மந்திரித்ததும் உடம்பைத் துண்டு போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, தலையை மட்டும் அடுத்த முறைக்காரர் வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த வீட்டில் யார் தலையைச் சாப்பிடுகிறாரோ, முறை அவருடையது. முடியாதவர்கள், வாயில் வைப்பதற்கு முன்னால், இன்னொரு வீட்டுக்குத் தள்ளிவிடலாம்; ஆனால் வந்த தலையை வேண்டாம் என்று யாரும் சொல்லக்கூடாது. வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போனதற்குப் பிறகு வந்த பங்குச் சாமியார் இதென்ன கூத்து என்று நிறுத்திவிட்டார். ஊரும் மறந்துவிட்டது. ரொட்டிக்குத்தான் மறக்கவில்லை போலிருக்கிறது.

சவரிராயன் தட்டைத் திருப்பி வைத்தான். தலைகள், காற்றடித்தால் சருகு திரும்புகிற மாதிரி, சத்தமில்லாமல் பழைய பக்கமே திரும்பின. மறுபடி திருப்பினான். மறுபடி திரும்பின. எர்னெஸ்தின் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நொத்தேர் வீட்டுப் பக்கமாப் பாக்குது. அவங்க முறை வந்துடுச்சுன்னு சொல்லுதோ என்னவோ," என்றாள், பால்காரன் வந்துவிட்டான் என்று சொல்லுகிற குரலில்.

ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சவரிராயன் தெருவில் நடந்தான். வழியெல்லாம் தலை மெல்ல மெல்லத் திரும்பி, பத்திரம் எழுதும் நொத்தேர் தொம்னிக் வீட்டு வாசலுக்கு வந்ததும் கதவை நேருக்கு நேர் பார்த்து நின்றது. நொத்தேருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "எத்தனை வருஷமாச்சுடா ராயா, முறை வந்து!" என்று தலையைப் பிய்த்துக் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டார், அடுத்த ஞாயிற்றுக்கு ரொட்டியும் சொல்லி அனுப்பினார். அன்றைக்குச் சாயங்காலம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அவர் சொன்ன ரொட்டியைத் துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டார்கள்.

அடுத்த தலை வலை பின்னும் ஒருத்தி வீட்டைப் பார்த்தது. அதற்கடுத்தது ஜவுளிக்கடை நூர்தீன் மரைக்காயருடைய பெரியத்தாவை, அதாவது பெரியப்பாவைப் பார்த்தது. கோயில், பள்ளிவாசல், குப்பம் என்று அது வித்தியாசம் வைக்கவில்லை. ஊருக்கு அதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு, ஊர் என்றால் என்ன செய்யுமோ அதைச் செய்தது: பழகிக்கொண்டது. காலையில் சவரிராயன் கடை வாசலில் நின்று தலை எந்தத் திசை என்று கேட்டுவிட்டு, சரி நம்ம பக்கம் இல்லை என்று பல் விளக்கப் போனார்கள். தலை பார்த்த வீட்டில் அழுகையை மாலைக்கு ஒத்தி வைத்துவிட்டு முறைக்காரருக்குப் பிடித்த இறால் தொக்கையோ வட்டிலப்பத்தையோ சமைத்தார்கள். பேசாதிருந்த அண்ணன் தம்பிகள் அன்றைக்குப் பேசினார்கள். சவப்பெட்டி செய்கிற அருளப்பன் அவசரம் இல்லாமல் அளவெடுத்து, படுக்கப் போகிறவரிடமே கைப்பிடி பித்தளையா இரும்பா என்று கேட்டுச் செய்தான். முறைக்காரர் குளித்து, நல்ல துணி உடுத்தி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, தலையைச் சாப்பிட்டுவிட்டு, வெண்ணெய் இன்றைக்குக் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்பது போல ஏதாவது சொல்லிவிட்டு, சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தார். சொல்லாமல் கொள்ளாமல் செத்தார் என்ற பேச்சே காரைக்காலில் இல்லாமல் போயிற்று. டாக்டர்கள் மட்டும் கோபமாக இருந்தார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் ரொட்டிக்கடைக்காரர்கள் வந்து, கிணற்றில் மாவு தொங்கவிடும் வித்தையைப் படித்துக்கொண்டு போனார்கள். அவரவர் ஊரில் சுட்டார்கள். அவரவர் ஊரிலும் தலை திரும்பியது. ரஸ்க்கும் வர்க்கியும் தூசி படிந்து கிடக்க, பிரியோஷுக்குப் பொழுது விடியுமுன்னே ஆள் நின்றது.

பிறகு ஒரு நாள் தலை அரிசி மில் முதலாளி வீட்டைப் பார்த்தது. அவர் பழைய வழக்கத்தை நன்றாக ஞாபகம் வைத்திருந்தவர். தலையை வாழையிலையில் சுற்றி, தன்னுடைய கார் டிரைவர் வீட்டுக்குத் திருவிழாப் பண்டம்போல் அனுப்பிவைத்தார். வந்த தலையை வேண்டாம் என்று சொல்லக்கூடாதே. டிரைவர் சாப்பிட்டான். சாயங்காலம் முதலாளி தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு அவன் சாவுக்கு வந்தார்.

ஊர் கொதித்துப்போய் மீன் மார்க்கெட்டில் கூடியது. இனிமேல் ஒருத்தர் தலையை இன்னொருத்தருக்குத் தள்ளினால் அவரோடு கொள்வினை கொடுப்பினை இல்லை, அவர் வீட்டுச் சாவுக்கு மேளம் இல்லை என்று முடிவாயிற்று. அன்றைக்கு எல்லோரையும்விட உரக்கக் கத்தியது சவரிராயன்தான். "என் அடுப்புத் தலை! அது கைமாறுச்சுன்னா என் தலையை எடுங்கடா!" என்று மீன் வெட்டும் கட்டையில் ஓங்கி அடித்தான். கை மூன்று நாள் நாறியது.

அந்த வருஷம் மாங்கனித் திருவிழா முடிந்த கையோடு, அவன் மகள் கொலெத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நிறைமாதம். பின்கட்டில் மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு, அடுப்புக்கு எட்டுகிற குரலில் "அப்பா, எனக்கு ஓரம் நல்லா சிவந்ததா ஒண்ணு" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அன்றைக்கும் கேட்டாள். சவரிராயன் தட்டை வெளியே இழுத்தான். தலைகள் தெருப்பக்கம் பார்க்கவில்லை. கடல் பக்கம் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, அடுப்பறைக் கதவைத் தாண்டி, பின்கட்டைப் பார்த்தன.

அவன் நகர்ந்து பார்த்தான்; அவனை அவை கண்டுகொள்ளவேயில்லை. கிணற்றடியில் நின்ற எர்னெஸ்தினையும் கண்டுகொள்ளவில்லை. பின்கட்டில் இருந்தது கொலெத்தும், கொலெத்துக்குள் இருந்ததும்தான். இரண்டில் யார் என்று, ஒரு தலையை எடுத்துக்கொண்டு நாலடி நடந்தால் தெரிந்துவிடும். நாலடி நடக்க அவனுக்குக் கால் வரவில்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்த தலைகளை, விரல் வேக, ஒவ்வொன்றாகத் திருகிப் பிடுங்கி வாயில் போட்டான். மென்றான். விழுங்கினான். நாக்கு வெந்து, மேலண்ணம் தோலுரிந்து, கண்ணில் தண்ணீர் கொட்ட, கடைசித் தலையை விழுங்கிக்கொண்டிருந்தபோது எர்னெஸ்தின் தோண்டியோடு உள்ளே வந்தாள். தட்டையும் பார்த்தாள், அவன் வாயையும் பார்த்தாள், தோண்டியைக் கீழே வைத்தாள்.

"யாரைப் பாத்துச்சு?"

அவன் பின்கட்டைக் காட்டினான்.

"அப்ப அது இனி உங்க முறை," என்றாள். பிறகு அவனுடைய நல்ல வேட்டியை எடுத்து இஸ்திரிப் பெட்டி போட ஆரம்பித்தாள். பெட்டி போடும்போது ஒரு சொட்டு வேட்டியில் விழுந்து சுர்ரென்றது.

மத்தியானம் கொலெத்துக்கு வலி எடுத்தது. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். சவரிராயன் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு, கூடத்தில் நாற்காலியில் கையைக் கட்டி உட்கார்ந்து காத்திருந்தான். பொழுது சாய்ந்தது. விளக்கு வைத்தார்கள். அவனுக்குப் பசித்தது.

மறுநாள் காலையிலும் அவன் உயிரோடுதான் இருந்தான். மாவை உருட்டி, தலைக்காக ஒரு துண்டு கிள்ளப்போன எர்னெஸ்தின் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். "இருங்க. நாம அடுத்த தலையை வச்சாத்தானே இந்த முறை நகரும்? தலையே இல்லேன்னா அது எங்க போகும்? உங்க வயித்துலயே கெடக்கட்டும்."

அன்றைக்குச் சவரிராயன் கடையில் தலையில்லாத பிரியோஷ் வந்தது: வெறும் உருண்டை, மேலே முட்டைப் பளபளப்பு. ஊர் கேட்டது. "தலை எங்கேப்பா?" "இது புது மோஸ்தர்." "திசை எப்படித் தெரியும்?" "தெரியாது." நூர்தீன் மரைக்காயர் ரொட்டியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழுத்தை அறுத்துட்டு மோஸ்தர்ங்கிறான் பாருங்க," என்றார். ஆனாலும் அதைக் குறுக்கே இரண்டாக வெட்டி, நடுவில் கறிக் கட்லெட்டை வைத்து முதலில் சாப்பிட்டவரும் அவர்தான். தலை இருந்தவரை யாருக்கும் அதை வெட்டத் தோன்றியதில்லை. வெட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

சவரிராயனுக்கோ தன் அடுப்பில் மட்டும் தலை இல்லாமல் இருந்தால் போதாது என்று பயம். பக்கத்துக் கடையில் ஒருவன் தலை வைத்தால்? கும்பகோணத்தில் வைத்தால்? ஆகவே பஸ் ஏறினான். நாகப்பட்டினம், கும்பகோணம், திருச்சி, மதுரை என்று கடை கடையாக ஏறி, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தன்னுடைய பக்குவத்தைச் சும்மா சொல்லிக்கொடுத்தான். சுட்ட மறுநாளும் மிருதுவாக இருக்கும், வெட்டினால் உதிராது, சாறு ஊற்றினால் ஊறிப் பிய்யாது, இனிப்புக்கும் ஆகும் காரத்துக்கும் ஆகும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான்: "தலை மட்டும் வைக்காதீங்க. வேலையும் மிச்சம், பெட்டியில அடுக்கவும் சௌகரியம்." வியாபாரிகளுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் கழுத்துப்பட்டையோடு வந்து, உருண்டையை அமுக்கிப் பார்த்து, அது மூச்சு விடுவதுபோல் எழும்பி வந்ததைக் கண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் மெஷின் வந்தது. உறைய வைக்கும் லாரி வந்தது. பர்கர் கடைகள் வந்தன. இன்றைக்கு மால்களில் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று அடுக்கியிருக்கும் அத்தனை உருண்டையும் ஒரு மனிதனுடைய பயத்தில் உப்பியது என்று சொன்னால் அந்தக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காரைக்காலில் ஜனங்கள் மறுபடியும் சொல்லாமல் கொள்ளாமல் செத்தார்கள். கொஞ்ச நாள் திண்டாடினார்கள். பிறகு அதற்கும் பழகிக்கொண்டார்கள். எர்னெஸ்தின் ஒரு மத்தியான வேளையில், முந்திரி உடைத்துக்கொண்டே போனாள். அருளப்பன் போனான். நூர்தீன் மரைக்காயர் போனார். மீன் மார்க்கெட்டில் அன்றைக்குக் கூடியவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. சவரிராயன் மட்டும், தொண்ணூறு தாண்டி, பல் போய், காது பாதி போய், போக வேண்டிய ஒன்று மட்டும் போகாமல் கடைக்குள் நாற்காலியில் கிடந்தான். மழைக்காலத்தில் வயிற்றுக்குள் ஏதோ மெல்லத் திரும்பிப் படுப்பது தெரியும். கையால் தடவிக் கொடுப்பான். அடங்கிவிடும்.

அன்றைக்குப் பிறந்த பேத்திக்கு மொனிக் என்று பெயர். தலையில்லாத ரொட்டியைக் கடித்துப் பல் முளைத்தவள். தாத்தாவின் தட்டில் கை வைக்காமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. பாரிசில் ரொட்டி வேலை படித்துவிட்டுத் திரும்பி வந்தவள், பூவிதழ்போல் மடிப்பு வைத்த பழைய பிரியோஷ் தகர அச்சுகள் பரணில் கவிழ்ந்து கிடப்பதைக் கண்டு கூத்தாடினாள். தலை என்ன செய்யும் என்று வீட்டில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை; தாத்தாவிடமும் அவள் கேட்கவில்லை. அவருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று கடையைப் புதுப்பித்து, போனில் படம் போட்டு, தலையோடு கூடிய பழைய பிரியோஷ் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தாள். சவரிராயனுக்கு மட்டும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் கேட்ட சத்தத்தைக் கோயில் கூட்டம் என்றுதான் நினைத்தான்.

"தாத்தா! கண்ணைத் தெறங்க!"

திறந்தான். மேசைமேல் தட்டு. தட்டில் தொந்தி பெருத்த சாமியார்கள், வரிசையாக, பொன்னிறமாக. கழுத்துக்கு மேலே தலை.

"ருசி பாத்தியா?" என்றான்.

"இல்ல தாத்தா. மொத வாய் உங்களுக்குத்தான்."

"ஒரு கிள்ளு? ஒரு பொடி?"

"இல்லேங்கிறேன்ல."

சவரிராயன் தட்டைப் பார்த்தான். தன்னைத்தான் பார்க்கும் என்று நினைத்தான். அதற்கு அவன் தயார்தான். நல்ல வேட்டியை எர்னெஸ்தின் மறுபடி பெட்டி போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்தது அப்படியே இருந்தது. ஆனால் தலைகள் அவனைப் பார்க்கவில்லை. மொனிக் மேசையைச் சுற்றி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். தலைகளும் சத்தமில்லாமல், சருகு திரும்புகிற மாதிரி, மேசையைச் சுற்றி வந்தன.

"அட, ஆடுது பாருங்களேன்! சூடு இன்னும் அடங்கல."

அவன் கை நீட்டி ஒரு தலையைப் பிடுங்கி வாயில் போட்டான். பல்லில்லாத வாயில் வெண்ணெய் கரைந்து இறங்கியது. மற்ற தலைகள் அசையவில்லை. இன்னொன்றைப் பிடுங்கினான். விழுங்கினான். மொனிக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. முறையைச் சாப்பிட்டுவிட்டுத் தீர்க்காமல் வைத்திருக்கிறவனுக்கு இன்னொரு முறை கிடையாது என்பதை அவை அவனுக்கு வேறு எப்படிச் சொல்லும்?

"மெதுவா தாத்தா! அப்படியென்ன அவசரம்? விக்கிறதுக்கு வேணாமா?" மொனிக் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் எர்னெஸ்தின் மாதிரியே இடுப்பில் கை வைத்தாள். பிறகு, சின்ன வயதில் அவன் தட்டில் வைத்த அதே கையை நீட்டினாள். "ஒண்ணு நானும் பாத்துடறேன்."

"தொடாதே!"

அந்தக் கடையில் அவன் அப்படிக் கத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். முகம் சுருங்கிப்போயிற்று. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூட்டம் எட்டிப் பார்த்தது: பூசை முடிந்து வந்தவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், தோளில் குழந்தையோடு ஒருவன், மடிப்புக் கலையாத புடவையில் புதுப்பெண் ஒருத்தி. அந்தக் கூட்டத்தில் மீன் மார்க்கெட்டையும், கட்டையில் ஓங்கி அடித்த கையையும் அறிந்தவர் ஒருவரும் இல்லை. சவரிராயன் தன் கையை எடுத்து மோந்து பார்த்தான். வெண்ணெய் வாசனைதான் வந்தது.

"எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க தாத்தா," என்றாள் மொனிக், கோபம் பாதி கெஞ்சல் பாதியாக. "எடுத்துட்டுப் போகட்டுமா, வேணாமா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வாய்க்கு வெளியே, உதட்டோரத்தில்கூட ஒரு பொடி இல்லை. புறங்கையால் தன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"எடுத்துட்டுப் போம்மா," என்றான். "வந்தவங்க எல்லாருக்கும் குடு. நீ மட்டும் சாப்பிடாதே. விக்கிறவ சாப்பிட்டா வியாபாரம் வெளங்காது."

அவள் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக் கதவை முழங்கையால் தள்ளினாள். நடக்க நடக்கத் தலைகள் அவளை விட்டு ஒவ்வொன்றாக முன்பக்கம் திரும்பின. சவரிராயன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பாதி போன காதில் அந்தப் புதுப்பெண்ணின் குரல் மட்டும் தெளிவாக விழுந்தது.

"ஐயோ, இங்க பாருங்களேன், என்னையே பாக்குது!"